அழைக்கும் பெயரும் அறியும் எண்ணும்

நுழையும்முன்

இணைய உரையாடல் செயலி ஒன்றில் கணக்குத் தொடங்குவோர் முதலில் நிரப்புவது பெயருக்கான கட்டத்தையே. விரும்பிய பெயரை வேறொருவர் முன்பே எடுத்திருந்தால் என்ன செய்வது? தெரிந்தவரின் பெயரைச் சூடிக்கொண்டு வேறொருவர் பேசினால் அதை எவ்வாறு கண்டறிவது? இவ்வினாக்களுக்குக் கணினித்துறை கண்ட விடைகளையும், அவ்விடைகளால் விளைந்த புதிய சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு வகுப்பில் செல்வி என்னும் பெயருடைய மாணவியர் இருவர் இருந்தால் வருகைப்பதிவேடு திகைப்பதில்லை. கா. செல்வி, மு. செல்வி என முன்னெழுத்தைச் சேர்த்தவுடன் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. ஆசிரியருக்கு அந்த முன்னெழுத்தும் தேவைப்படுவதில்லை. முகத்தைப் பார்த்தே இன்னார் என அறிகிறார். சங்கப் புலவர்களின் பெயர்களிலும் இம்முறையைக் காணலாம். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரைக் கூல வாணிகன் சீத்தலைச் சாத்தனார் என ஊரும் தொழிலும் முன்னின்று ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டின. அத்தகைய குறிப்பு இல்லாத இடத்தில் குழப்பம் எஞ்சியது. வெவ்வேறு காலங்களில் வாழ்ந்த ஔவையார் எத்தனை பேர் என்னும் வினா தமிழ் இலக்கிய வரலாற்றில் அறிஞர்களின் ஆய்வுக்கு உரியதாயிற்று.

கணினிக்கு முகம் தெரியாது. தொலைவிலிருந்து ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பும் எழுத்துகளே அதன் கைக்குக் கிடைப்பவை. ஆகவே இணைய உரையாடலில் பெயரின் பணி பெருகிவிடுகிறது. ஒருவரைத் தேடிக் கண்டடையவும் அதுவே வேண்டும். பேசும்போது அவரை விளிக்கவும் அதுவே வேண்டும். பேசுபவர் அவர்தாம் என்பதற்குச் சான்றாகவும் அதுவே நிற்க வேண்டும். நேரில் பழகும் உலகில் இந்த மூன்றாம் பணியை முகமும் குரலும் செய்கின்றன. பெயர் அதில் தலையிடுவதில்லை. இணைய உரையாடலின் வரலாற்றில் நேர்ந்த தொல்லைகளுள் பல, ஒற்றைப் பெயரின் தலையில் இம்மூன்று சுமைகளையும் ஏற்றியதால் விளைந்தவையே.

ஒன்பது எழுத்துப் புனைபெயர்

பின்லாந்து நாட்டின் ஓலு பல்கலைக்கழகத்தில் இருந்த யார்க்கோ ஓய்க்காரினென் 1988ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஓர் உரையாடல் மென்பொருளை உருவாக்கினார். ஐ.ஆர்.சி. எனச் சுருக்கமாக வழங்கப்படும் அம்முறையில், பல ஊர்களில் உள்ள சேவையகங்கள் ஒன்றோடொன்று இணைந்து, ஓரிடத்தில் இடப்பட்ட செய்தியை மற்ற இடங்களுக்குக் கடத்தும். அதில் கணக்குத் தொடங்கும் வழக்கம் இல்லை. உள்ளே நுழைபவர் தமக்கென ஒரு புனைபெயரைக் குறிப்பிடுவார். அந்நேரத்தில் அப்பெயர் வேறெவரிடமும் இல்லையெனில் அது அவருடையதாகும். அப்பெயர் ஒன்பது எழுத்துகளுக்கு மிகலாகாது என 1993 மே மாதத்தில் வெளியான அதன் விதிமுறை ஆவணம் வரையறுத்தது.

ஒருவர் இணைப்பை விட்டு வெளியேறிய கணமே அவருடைய பெயர் பொதுவுடைமை ஆகிவிடும். பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுகூடச் சற்று உறுதியானது. இங்கே எழுந்து சென்றவரின் துண்டுக்கும் மதிப்பில்லை.

இதனினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. சேவையகங்களுக்கு இடையிலான இணைப்பு அறுந்தால் வலையமைப்பு இரண்டாகப் பிளந்துவிடும். ஒரு பகுதியில் இருப்பவருக்கு மறுபகுதியினர் அனைவரும் ஒரே நேரத்தில் வெளியேறிவிட்டதாகத் தோன்றும். அவ்வேளையில் ஒருவர், மறுபகுதியில் இருப்பவரின் பெயரைத் தமக்கு இட்டுக்கொள்ளலாம்; தடுப்பார் இல்லை. இணைப்பு மீண்டதும் ஒரே பெயருடன் இருவர் எதிரெதிரே நிற்பர். உண்மையானவர் யார் எனத் தீர்மானிக்கச் சேவையகத்திடம் எந்தச் சான்றும் கிடையாது. ஆகவே இருவரையும் வெளியேற்றிவிட வேண்டும் என்பதே 1993ஆம் ஆண்டு விதிமுறையின் தீர்ப்பு. சொத்து யாருடையது என விளங்காத நிலையில் வாதி, பிரதிவாதி இருவரையும் வாசலுக்கு வெளியே துரத்துவது போன்றது இது. குறும்பர்கள் இதனைப் பயன்படுத்திக்கொண்டனர். பிளவு நேரும்வரை காத்திருந்து, தமக்குப் பிடிக்காதவரின் பெயரைச் சூடி, இணைப்பு மீளும்போது அவரும் வெளியே தள்ளப்படுமாறு செய்தனர். ஒவ்வொரு பெயரும் எப்போது சூடப்பட்டது என்னும் நேரக்குறிப்பைச் சேவையகங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் முறை பின்னர் வந்தது. அதன்பின் முந்திச் சூடியவர் பெயரைத் தக்கவைத்துக்கொள்ள வழி பிறந்தது.

1990களின் நடுப்பகுதியில் டால்நெட் என்னும் வலையமைப்பு ‘நிக்செர்வ்’ என்னும் சேவையை அறிமுகம் செய்தது. விரும்பிய பெயரைக் கடவுச்சொல்லுடன் அதில் பதிந்துவைக்கலாம். வேறொருவர் அப்பெயரைச் சூடினால் அச்சேவை கடவுச்சொல்லைக் கேட்கும். தராதவரின் பெயரை மாற்றிவிடும். விளிப்பதற்குப் பெயர், மெய்ப்பிப்பதற்குக் கடவுச்சொல் எனப் பணிகள் இங்கே பிரிந்தன. இப்பிரிவினையை எல்லாரும் ஏற்கவில்லை. ஈ.எஃப்.நெட் என்னும் பழைய வலையமைப்பு, பெயர் எவருக்கும் சொந்தமன்று என்னும் கொள்கையைக் கைவிடாமல், பெயர்ப் பதிவுச் சேவை இல்லாமலேயே இயங்கிவருகிறது.

பெயருக்கு மாற்றாக எண்

இஸ்ரேல் நாட்டின் மிராபிலிஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட ஐ.சி.கியூ. என்னும் செயலி வேறு வழியைத் தேர்ந்தது. அது சேர்ந்தவருக்கெல்லாம் வரிசையாக ஓர் எண்ணை வழங்கியது. பெயரைப் பயனரின் விருப்பத்திற்கு விட்டது. ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருந்தாலும் எண்கள் மோதுவதில்லை. நன்னூலார் வகுத்த இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்னும் பாகுபாட்டின்படி நோக்கினால், புனைபெயர் பெரும்பாலும் காரணம் பற்றி வருவது. இந்த எண்ணோ முழுமையான இடுகுறி.

பொருளற்ற ஒன்றுக்கு யாரும் போட்டியிட மாட்டார்கள் என்றே எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. எண்கள் வரிசையாக வழங்கப்பட்டதால், குறைந்த இலக்கமுடைய எண் பழைய பயனர் என்னும் பெருமைக்கு அடையாளமாயிற்று. ஐந்து, ஆறு இலக்க எண்கள் திருடப்பட்டன, விற்கவும் பட்டன. வாகனப் பதிவில் விரும்பிய எண்ணுக்காகக் கூடுதல் கட்டணம் செலுத்துவோரை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. அச்செயலி 2024 ஜூன் 26 அன்று தன் சேவையை நிறுத்திக்கொண்டது.

நான்கு இலக்க முன்னெழுத்து

கணினி விளையாட்டு ஆடுவோரை மனத்திற்கொண்டு 2015 மே மாதத்தில் தொடங்கப்பட்ட டிஸ்கார்டு, பெயரையும் எண்ணையும் இணைத்துப் பார்த்தது. பயனர் தமக்கு விருப்பமான பெயரை இடலாம். அதன்பின் ஒரு குறியையும் 0001 முதல் 9999 வரையிலான எண்களுள் ஒன்றையும் செயலி சேர்க்கும். செல்வி#0417, செல்வி#8832 என்பன இருவேறு பயனர்கள். இது ஏறத்தாழ நம் முன்னெழுத்து முறையே; தந்தையின் எழுத்துக்குப் பதிலாக எண் பின்னே வருகிறது, அவ்வளவுதான். ஒரே பெயரை 9999 பேர் வரை பகிர்ந்துகொள்ள முடிந்ததால், விரும்பிய பெயர் கிடைக்கவில்லை என்னும் குறை குறைந்தது. பெயரைத் தமிழ் எழுத்திலேயே அமைத்துக்கொள்ளவும் இயன்றது.

இருப்பினும், நண்பர்களுக்குத் தம் முழு அடையாளத்தைச் சொல்ல வேண்டியபோது பலர் தடுமாறினர். பெயர் நினைவிருக்கும், எண் நினைவிருக்காது. பயனர்களுள் 40 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் தம் நான்கு இலக்க எண்ணை நினைவில் வைத்திருக்கவில்லை அல்லது அஃது என்னவென்றே அறிந்திருக்கவில்லை என அந்நிறுவனம் 2023 மே மாதத்தில் தெரிவித்தது. எனவே எண்ணை நீக்கிவிட்டு, ஒருவருக்கு ஒன்று எனத் தனித்த பயனர்பெயர்களைக் கொண்டுவந்தது. அப்பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு ஆகியவையே இடம்பெறலாம். திரையில் தோன்றும் பெயரை மட்டும் எம்மொழியிலும் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம்.

இம்மாற்றம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. எட்டாண்டுகளாக ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்த ஒரு பெயர் இனி ஒருவருக்கே உரியதாகும். பழைய கணக்கு உடையோர் முந்திக்கொள்ள, பின்னர் வந்தோர் பெயரோடு பிறந்த ஆண்டையும் அடிக்கோடுகளையும் ஒட்டவைக்க நேர்ந்தது. நான்கு இலக்கம் நினைவிலில்லை என்பதற்காக நீக்கப்பட்ட எண், வேறு வடிவில் பயனரின் கையாலேயே மீண்டும் நுழைந்தது என்பதே உண்மை. நிறுவனம் சொன்ன காரணத்தில் நியாயம் உண்டு. பயனர்களின் குறையிலும் நியாயம் உண்டு. ஏனெனில் எளிதில் சொல்லத்தக்கதாகவும், அனைவர்க்கும் கிடைக்கத்தக்கதாகவும், ஒருவருக்கே உரியதாகவும் ஒரு பெயர் ஒருங்கே அமைவது அரிது. மூன்றில் ஒன்றையேனும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

பெயர் எவ்வாறு மாறினாலும் செயலி தன் பயனரைத் தவறவிடுவதில்லை. அதன் உள்ளே ஒவ்வொரு கணக்கிற்கும் 64 பிட் அளவுள்ள ஓர் எண் நிலையாக இருக்கிறது. பயனர் தம் பெயரைப் பத்து முறை மாற்றினாலும் அவர் இட்ட செய்திகள், சேர்ந்த குழுக்கள், நட்புகள் யாவும் அவ்வெண்ணோடு பிணைந்திருக்கும். பெயர் அதன்மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே. அவ்வெண்ணின் முதல் 42 பிட்டுகள் 2015ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கழிந்த மில்லிவிநாடிகளைக் குறிப்பவை. ஆதலால் கணக்கு உருவான நேரத்தை அதிலிருந்தே கணக்கிடலாம். ஒருவரின் திரைப்பெயரையும் படத்தையும் அப்படியே நகலெடுத்துக்கொண்டு, பல்லாண்டு நண்பர்போல் பேசவரும் போலிக்கணக்கு, நேற்றுத்தான் பிறந்தது என்பதை அதன் உள்ளெண் காட்டிக்கொடுத்துவிடும்.

தெரியுமா?

குழுவில் உள்ள எல்லாரையும் ஒருசேர அழைக்க ‘எவ்ரிஒன்’, ‘ஹியர்’ என்னும் ஆங்கிலச் சொற்கள் டிஸ்கார்டில் கட்டளைகளாகப் பயன்படுகின்றன. இச்சொற்களைப் பயனர்பெயராக வைக்க அனுமதி இல்லை. ஒருவரை அழைக்கப்போய் ஊரையே அழைத்துவிடும் குழப்பத்தைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடு இது.

ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகள்

இரு பெயர்கள் ஒன்றா, வேறா என்னும் வினா எளிதாகத் தோன்றும். கணினிக்கு அது கடினமான வினா. ஐ.ஆர்.சி. விதிமுறையிலேயே இதற்கு ஒரு விந்தையான சான்று உண்டு. அக்காலப் பின்லாந்துக் கணினிகளில் சதுர அடைப்புக்குறிகளும் இரட்டை வளைவு அடைப்புக்குறிகளும் இருந்த குறியீட்டு இடங்களில், அம்மொழிக்குரிய சிறப்பு எழுத்துகள் அமைக்கப்பட்டிருந்தன. ஆகவே இரட்டை வளைவு அடைப்புக்குறி என்பது சதுர அடைப்புக்குறியின் சிற்றெழுத்து வடிவம் என விதிமுறை எழுதிவைத்தது. பிறநாட்டார்க்கு வெறும் நிறுத்தக்குறிகளாகத் தெரிந்தவை அங்கே எழுத்துகளாக விளங்கின.

உலக மொழிகள் அனைத்தையும் ஒரே குறியீட்டு முறையில் அடக்கும் ஒருங்குறி பரவியபின் இச்சிக்கல் பன்மடங்காயிற்று. ரஷ்ய எழுத்துமுறையில் உள்ள ‘அ’ ஒலிக்குரிய எழுத்தும் ஆங்கிலத்தின் முதற் சிற்றெழுத்தும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு இரண்டு. தமிழிலும் சான்றுகள் பல. கௌரி என்பதில் ஔகாரக் குறியை இடுவதற்கு மாறாக எகரக் குறியையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்தால் கெளரி எனத் தோன்றும். படிப்பவர் வேறுபாடு காணமாட்டார். கணினிக்கோ அவை இருவேறு பெயர்கள். தமிழ் எண்ணாகிய ௧ என்பதையும் க என்னும் எழுத்தையும், ௨ என்பதையும் உ என்னும் எழுத்தையும், ௭ என்பதையும் எ என்னும் எழுத்தையும் ஒப்பிட்டு நோக்கினால் இடர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது புலனாகும். ஒரு பெயரில் ஓர் எழுத்தை எடுத்துவிட்டு எண்ணை வைத்தால் கண் ஏமாறும். இத்தகைய ஏமாற்றைத் தடுக்கும்பொருட்டே, குழப்பத்திற்கு இடமளிக்கும் எழுத்துகளின் பட்டியலை ஒருங்குறிக் கூட்டமைப்பு வெளியிட்டுவருகிறது.

வேறுபட்ட வடிவங்களை ஒரே வடிவத்திற்குக் கொண்டுவரும் பணியும் பிழைபடலாம். ஸ்பாட்டிஃபை என்னும் இசைச்சேவையில் 2013இல் அவ்வாறு நேர்ந்ததை அந்நிறுவனமே விளக்கியுள்ளது. மேலெழுத்துபோல் தோன்றும் ஒருங்குறி எழுத்துகளால் ஆன ஒரு பெயரை அச்சேவையின் மென்பொருள் ஒருமுறை மாற்றியபோது பேரெழுத்துகளும், மறுமுறை மாற்றியபோது சிற்றெழுத்துகளும் கிடைத்தன. முதல் மாற்றத்தில் வேறு பெயராகத் தெரிந்ததால் புதிய கணக்கிற்கு அனுமதி கிடைத்தது. கடவுச்சொல்லை மீட்கும்போது மாற்றம் மீண்டும் நிகழ, இரண்டாம் வடிவம் வேறொருவரின் பழைய பெயரோடு பொருந்திவிட்டது. விளைவாக, புதியவர் பழையவரின் கடவுச்சொல்லையே மாற்ற முடிந்தது. குறை விரைவில் சரிசெய்யப்பட்டது. எத்தனை முறை மாற்றினாலும் ஒரே விடை வர வேண்டும் என்னும் சிறு விதி தவறியதன் பயன் இது.

இத்தொல்லைகளுக்கு அஞ்சியே பல நிறுவனங்கள் ஆங்கில எழுத்து மட்டும் போதும் எனக் கதவை அடைத்துவிடுகின்றன. பாதுகாப்பு கிடைக்கிறது, விலையை வேறு மொழியினர் கொடுக்கின்றனர். வள்ளி, வல்லி என்னும் இரு பெயர்களும் ஆங்கில எழுத்தில் ஒன்றாகிவிடும். தமிழ்ச்செல்வி என்னும் ஒரு பெயரோ ழகரத்தை எவ்வாறு எழுதுவது என்பதைப் பொறுத்துப் பலவாகப் பிரியும். ஒரு மொழியின் பெயர்களை மற்றொரு மொழியின் எழுத்தில் மோதவிட்டுத் தனித்தன்மை பார்ப்பது முறையான சோதனை ஆகாது.

அலைபேசி எண்ணே ஆளாகும்போது

2009இல் தோன்றிய வாட்ஸ்அப் பெயர்ப் போட்டியையே ஒதுக்கிவிட்டு அலைபேசி எண்ணை அடையாளமாக ஏற்றது. திறன்பேசியில் சேமித்த எண்களே நட்புப் பட்டியல் ஆயின; புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அது விரைந்து பரவியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

ஆயினும் அலைபேசி எண் என்பது பெயர் மட்டுமன்று. அஃது ஒருவரின் வாசற்கதவு. எண்ணை அடையாளமாகக் கொண்ட குழுவில் சேர்ந்தவுடன், முன்பின் அறியாதவர்க்கும் அது தெரியவருகிறது. பயிற்சி வகுப்புக்கென அமைந்த குழுவிலிருந்து ஒரு மாணவியின் எண்ணை எடுத்து நள்ளிரவில் அழைத்துத் தொல்லை தருவோரைத் தடுக்க, பயனர்பெயர் கொண்ட செயலியில் பெயரை மாற்றினால் போதும். எண்ணை மாற்றுவதோ வங்கிக் கணக்கு முதல் ஆதார் வரை அனைத்தையும் மாற்றுவதாக முடியும்.

எண் எப்போதும் ஒருவரிடமே நிற்பதும் இல்லை. பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள்களுக்குப் பின்னரே மற்றொருவருக்கு வழங்கப்படும் என இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. அதன்பின் அதே எண் புதியவரின் கைக்குப் போகலாம். பழையவர்க்கு அனுப்பும் செய்தி புதியவரைச் சென்றடையலாம். மோசடியாளர் ஒருவர் போலிச் சான்றுகளைக் காட்டி மற்றொருவரின் எண்ணுக்கு மாற்று சிம் அட்டை பெற்றுவிட்டால், கணக்கைத் திறக்கும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அவருக்கே வந்துசேரும். எண்ணோடு ஆறு இலக்க மறைக்குறி ஒன்றையும் பயனர் அமைத்துக்கொள்ளும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு 2017இல் வாட்ஸ்அப்பில் வந்தது இதனால்தான்.

ஒவ்வொருவரும் அரசுச் சான்றுடன் உண்மைப் பெயரிலேயே இணையத்தில் எழுத வேண்டும் எனச் சட்டம் இயற்றினால் போலிகள் ஒழியும் என நினைப்போர் உண்டு. தென்கொரியா அதனை முயன்று பார்த்தது. பெரிய இணையதளங்களில் எழுதுவோரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என 2007இல் அங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2011இல் அந்நாட்டின் இரு பெரும் இணையச் சேவைகளிலிருந்து ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பயனர்களின் தனித்தகவல்கள் களவாடப்பட்டன. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அச்சட்டத்தை ஒருமனதாக நீக்கியது.

சிக்னல் என்னும் செயலி 2024இல் மற்றொரு பாதையை வகுத்தது. கணக்குத் தொடங்க அலைபேசி எண் இன்றும் தேவை. ஆனால் பிறர்க்கு அது இயல்பாகக் காட்டப்படுவதில்லை. விரும்பினால் ஒரு பயனர்பெயரை அமைத்து, அறிமுகத்திற்கு அதை மட்டும் தரலாம். அப்பெயரின் இறுதியில் குறைந்தது இரண்டு இலக்கங்கள் வர வேண்டும் என்பதால் அழகிய பெயர்களுக்கான சந்தை எழ இடமில்லை. சேவையகமும் பெயரை உள்ளவாறே வைத்துக்கொள்ளாமல், அதிலிருந்து கணக்கிட்ட உருமாற்றத்தையே வைத்திருக்கிறது. உரையாடலில் தோன்றுவது இப்பெயரன்று. அதற்குத் தனிப்பெயர் உண்டு. கண்டடையும் பணியை மட்டும் செய்துவிட்டு விலகிக்கொள்ளும் பெயர் இது.

அறுபது இலக்கச் சான்று

எஞ்சியிருப்பது மெய்ப்பிக்கும் பணி. வாட்ஸ்அப், சிக்னல் ஆகியவற்றில் அப்பணி பெயரிடமும் இல்லை, அலைபேசி எண்ணிடமும் இல்லை. ஒவ்வொரு திறன்பேசியும் தனக்கென ஓர் இணைத் திறவுகோலை உருவாக்குகிறது. அதில் ஒன்று பிறர்க்கு அனுப்பப்படும். மற்றொன்று கருவியை விட்டு வெளியே செல்லாது. உரையாடும் இருவரின் வெளித் திறவுகோல்களிலிருந்தும் 60 இலக்க எண் ஒன்று கணக்கிடப்படுகிறது. இருவர் திரையிலும் அது ஒன்றாக இருந்தால், இடையில் வேறெவரும் புகவில்லை என்பது உறுதி. இருவரும் அருகருகே நின்று ஒருவர் திரையில் உள்ள குறியீட்டுச் சதுரத்தை மற்றவர் கருவியால் படித்தும் இதனைச் சரிபார்க்கலாம்.

இவ்வளவு வலிய சான்று கையிலிருந்தும் அதனை ஒப்பிட்டுப் பார்ப்போர் அரியர். அறுபது இலக்கத்தைப் படிக்கப் பொறுமை இல்லை என்பது ஒரு காரணம். அந்த எண் அங்கே இருப்பதே தெரியாது என்பது மற்றொன்று. நண்பரின் திறவுகோல் மாறினால் பாதுகாப்பு எண் மாறியது எனச் செயலி ஒரு வரியில் அறிவிக்கும். வாட்ஸ்அப்பில் இவ்வறிவிப்பைப் பயனர் அமைப்புகளில் இயக்கிவைக்க வேண்டும். நண்பர் புதிய திறன்பேசி வாங்கியதாலும் அது மாறியிருக்கலாம். அவருடைய எண்ணை வேறொருவர் கைப்பற்றியதாலும் மாறியிருக்கலாம். இரண்டில் எது என்பதைச் செயலி சொல்லாது. அதனை அறிய அவரை அழைத்துக் குரலைக் கேட்க வேண்டும்.